வீட்டுக் கணிப்பொறியில் செயற்கைக்கோள் இறங்குவழி: நெடும்பாசேரியை வைத்து ஒரு பாடம்

நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலர் வீட்டுக் கணிப்பொறியில் விமானம் ஓட்டுகிறார்கள். பெற்றோர் இதை வெறும் விளையாட்டு என்று கடிந்துகொள்வதும், பிள்ளைகள் இதுவும் படிப்புதான் என்று வாதாடுவதும் மட்டாஞ்சேரியில் நான் அறிந்த மூன்று நான்கு வீடுகளிலாவது நடக்கிறது. இரண்டு தரப்பிலும் பாதி நியாயம் உண்டு. மேலே கிளம்பி, ஊரைச் சுற்றி, எங்காவது இறக்கினால் அது விளையாட்டு. ஒரு வரைபடத்தைப் படித்து, அதிலுள்ள எண்களைக் கணக்குப் போட்டு, மேகத்துக்குள் ஒன்றும் தெரியாத நிலையில் ஓடுபாதையின் முனைக்கு நேராக வந்து சேர்ந்தால் அது படிப்பு. இக்கட்டுரை அந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் வந்து, "மாமா, நெடும்பாசேரிக்கு ஜி.பி.எஸ். வழியா இறங்கலாம்னு பார்த்தா லிஸ்ட்லயே அந்த வழி வரமாட்டேங்குது, ஐ.எல்.எஸ். மட்டும்தான் இருக்கு" என்றான். அவன் வைத்திருப்பது 'ஃப்ளைட்கியர்' என்னும் இலவச சிமுலேட்டர். 1997 முதல் பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்து வருவது. அதில் இல்லாத வழியை நாமே எழுதிச் சேர்க்கலாம். எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன். எதைச் சேர்க்கிறோம் என்று தெரியாமல் சேர்த்தால் பயனில்லை. ஆகவே முதலில் அது.

(ஆங்கிலத்தில் 'அப்ரோச்' என்பதைத் தமிழில் 'அணுகுமுறை' என்று எழுதினால் நிர்வாகவியல் பேச்சு போல ஆகிவிடுகிறது. அதனால் 'இறங்குவழி' என்றே எழுதுகிறேன். வேறு நல்ல சொல் இருந்தால் அன்பர்கள் தெரிவிக்கலாம்.)

நம் வில்லிங்டன் தீவு விமான நிலையத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நெடும்பாசேரியில் பயணிகள் விமானங்கள் இறங்கத் தொடங்கியது 1999 ஜூன் 10 அன்று. அதற்கு முன் மட்டாஞ்சேரிக்கு எதிரே, காயலுக்கு அப்புறம் உள்ள கடற்படைத் தளத்தில்தான் எல்லாம். இன்றைய நெடும்பாசேரியின் ஓடுபாதை 3,400 மீட்டர் நீளம். ஏறக்குறையக் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மேற்கேயிருந்து கிழக்கு நோக்கி இறங்கினால் அதன் பெயர் 09; கிழக்கேயிருந்து மேற்கு நோக்கி இறங்கினால் 27. திசைகாட்டியின் பாகையைப் பத்தால் வகுத்து இடும் பெயர் அது. 27 பக்கத்துக்கு ஐ.எல்.எஸ். உண்டு.

ஐ.எல்.எஸ். என்பது ஓடுபாதையின் அருகே நிலத்தில் நட்டுவைத்த இரண்டு வானொலிக் கருவிகள். ஒன்று இடம் வலம் காட்டும். மற்றது மேல் கீழ் காட்டும். ரயில்வேக்காரன் கண்ணில் இது ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நட்ட சிக்னல் கம்பம் மாதிரி. மிக நல்லது, நம்பகமானது. ஆனால் எந்த முனையில் நட்டோமோ அந்த முனைக்கு மட்டும்தான். மறு முனைக்கும் வேண்டுமென்றால் இன்னொரு ஜோடி நட வேண்டும், மின்சாரம் கொடுக்க வேண்டும், பராமரிக்க ஆள் வேண்டும்.

செயற்கைக்கோள் முறை இதற்கு மாறானது. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். செயற்கைக்கோள் வானத்தில் பாதை எதையும் வரைவதில்லை. 'நீ இருக்கும் இடம் இது' என்று கண்டுபிடிக்க உதவுவதுடன் அதன் வேலை முடிந்தது. பாதை இருப்பது விமானத்துக்குள் உள்ள பெட்டியில், ஒரு பட்டியலாக: இன்ன பெயருள்ள புள்ளி, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை, அங்கே இருக்கவேண்டிய உயரம், அடுத்த புள்ளி எது. இருக்கும் இடத்தையும் இருக்கவேண்டிய இடத்தையும் ஒப்பிட்டுப் பெட்டி ஊசியை ஆட்டுகிறது. எனவே பட்டியலில் ஓர் எண் தவறினால், செயற்கைக்கோள்கள் அத்தனையும் ஒழுங்காக இருந்தும், விமானம் மிகத் துல்லியமாகத் தவறான இடத்துக்குப் போய்ச் சேரும்.

இது புரிந்தால் சிமுலேட்டர் விஷயமும் புரிந்துவிடும். வீட்டு சிமுலேட்டர்களில் பொதுவாகச் செயற்கைக்கோளே கிடையாது. விமானம் எங்கே இருக்கிறது என்று கணிப்பொறிக்கு ஏற்கெனவே தெரியும். அதை அப்படியே ஜி.பி.எஸ். பெட்டிக்குக் கொடுத்துவிடுகிறது. ஆக, 'செயற்கைக்கோள் இறங்குவழியைச் சேர்ப்பது' என்றால் அந்தப் பட்டியலைச் சேர்ப்பது, அவ்வளவே.

நிஜத்தில் நடப்பதையும் சற்றுப் பார்ப்போம். ஜி.பி.எஸ். கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். சமிக்ஞை வந்து சேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் பிசகும். கோளில் அணுக்கடிகாரம் இருக்கிறது. நம் பெட்டியில் இருப்பதோ சாதாரணக் கடிகாரம். எனவே அட்சம், தீர்க்கம், உயரம் என்ற மூன்றோடு கடிகாரப் பிழை என்ற நான்காவது விடையும் தேவைப்படுகிறது. நான்கு விடைகளுக்கு நான்கு சமன்பாடுகள், அதாவது நான்கு கோள்கள். பள்ளி அல்ஜீப்ராதான்.

ஐந்தாவது கோள் கிடைத்தால்தான் சுவாரசியம். நான்கு நான்காகப் பிரித்துக் கணக்குப் போட்டு, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பெட்டி தானே சோதித்துக்கொள்ளும். ஒத்துப்போகாவிட்டால் 'என்னை நம்பாதே' என்று எச்சரிக்கும். ஆறாவதும் இருந்தால் பொய் சொல்லும் கோள் எது என்று கண்டுபிடித்து ஒதுக்கியும் விடும். இதற்கு 'ரெய்ம்' என்று பெயர். சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு இதைக் கேட்டதும் பழைய கைகாட்டி மரம் நினைவுக்கு வரும். கம்பி அறுந்தால் கை தானாகவே 'நில்' நிலைக்குப் போய்விடும்; ஒருபோதும் 'போ' என்று காட்டக் கூடாது. கருவி கெட்டாலும் பாதுகாப்பான பக்கமாகக் கெட வேண்டும். எந்தப் போக்குவரத்துத் துறையானாலும் இந்த ஒரு கொள்கையைத்தான் வெவ்வேறு பெயரில் கடைப்பிடிக்கிறார்கள்.

ஆனாலும் வெறும் ஜி.பி.எஸ்.ஸின் உயரக் கணக்கை நம்பி விமானத்தைத் தரை வரை கொண்டுவர முடியாது. காரணம் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. வளிமண்டலத்தின் உச்சியில் உள்ள அயனி மண்டலம் சமிக்ஞையைத் தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதம் வேளைக்கு வேளை, இடத்துக்கு இடம் மாறுகிறது. பூமியின் காந்த நடுக்கோடு திருவனந்தபுரத்துக்கு அருகே செல்வதால் நம் பகுதியில் இந்த மண்டலம் மிகவும் சஞ்சலப்படும். தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ராக்கெட்டை ஏவியதற்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது, இந்த மண்டலத்தை அடியில் இருந்தே ஆராயலாம் என்பதால்தான். ஆராய்ச்சிக்கு வரமாக வந்தது விமானத்துக்குத் தொல்லையாகிவிட்டது.

இதற்கு இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து செய்த பரிகாரம் 'ககன்'. நாடெங்கும் 15 இடங்களில் கண்காணிப்பு நிலையங்கள். அவற்றில் ஒன்று திருவனந்தபுரம். தான் நிற்கும் இடம் ஒவ்வொரு நிலையத்துக்கும் அங்குலக் கணக்கில் தெரியும். ஜி.பி.எஸ். சொல்வதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பெங்களூருக்கு அனுப்புகிறது. அங்கே திருத்தம் கணக்கிட்டு, ஜிசாட்-8, ஜிசாட்-10 போன்ற நிலைக்கோள்கள் வழியாக எல்லா விமானங்களுக்கும் ஒலிபரப்புகிறார்கள். ஏதாவது கோள் பொய் சொன்னால் சில விநாடிகளுக்குள் எச்சரிக்கையும் வந்துவிடும். 2013 டிசம்பர் 30 அன்று பாதைப் பயணத்துக்கும், 2015 ஏப்ரல் 21 அன்று உயர வழிகாட்டலுடன் இறங்குவதற்கும் இதற்குச் சான்று கிடைத்தது. அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பா ஆகியவற்றுக்குப் பின் நாம். ஆனால் அயனி மண்டலம் இவ்வளவு குழப்பம் செய்யும் நடுக்கோட்டுப் பகுதியில் முதலில் செய்தது நாம்தான். 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் ஒன்று ககன் வழிகாட்டலில் இறங்கிக் காட்டியது. ககனையும் நம் சொந்தக் கோள்களான 'நாவிக்'கையும் பலர் ஒன்றென நினைக்கிறார்கள். ககன், ஜி.பி.எஸ்.ஸுக்குத் திருத்தம் போடும் வாத்தியார். நாவிக் தனி ஏற்பாடு.

மூன்று வகை, ஒரு பெரிய வித்தியாசம்

பெட்டியில் இறங்குவழியைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று பெயர்களில் ஒன்று தெரியும். 'எல்நாவ்' என்றால் இடம் வலம் மட்டும். உயரத்தை விமானி உயரமானி பார்த்துப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். 'எல்நாவ்-விநாவ்' என்றால் சரிவும் காட்டும். ஆனால் அந்தச் சரிவு பொதுவாகக் காற்றழுத்த உயரமானியிலிருந்து பிறப்பது. 'எல்பிவி' என்றால் இடம் வலம், மேல் கீழ் இரண்டும் திருத்தப்பட்ட செயற்கைக்கோள் கணக்கு. ககன் போன்ற உதவி இருந்தால்தான் கிடைக்கும். தரையிலிருந்து சுமார் 250 அடி வரை இதை நம்பி இறங்கலாம். ஐ.எல்.எஸ்.ஸின் சாதாரண வகைக்கு 200 அடி. வித்தியாசம் அதிகமில்லை.

நடுவில் உள்ள வகையைப் பற்றி ஓர் உண்மைச் சம்பவம் சொல்கிறேன். 2022 மே 23, பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையம். மழை மேகம். அங்கு ஐ.எல்.எஸ். இயங்காததால் ஓர் ஏர்பஸ் 320 செயற்கைக்கோள் வழியில், காற்றழுத்தச் சரிவைக் கொண்டு இறங்குகிறது. கட்டுப்பாட்டு அறையில் சொன்ன காற்றழுத்தம் 1011, உண்மையில் 1001. ஓர் அலகுக்கு 28 அடி வீதம் பத்து அலகுக்கு 280 அடி. விமானிகளின் கருவிகள் அனைத்தும் 'எல்லாம் சரி, சரிவில் இருக்கிறாய்' என்றே காட்டின. விமானம் உண்மையில் 280 அடி தாழ்வாக வந்துகொண்டிருந்தது. ஓடுபாதை தெரியாமல் அவர்கள் மேலேறத் தொடங்கியபோது சக்கரத்துக்கும் தரைக்கும் இடையே இருந்தது ஆறு அடி. ஓடுபாதை இன்னும் முக்கால் கடல் மைலுக்கு மேல் தூரத்தில். உள்ளே 172 பயணிகள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

எல்பிவி வகையில் இந்தப் பிழை சரிவை வளைக்காது, ஏனெனில் உயரம் காற்றழுத்தத்திலிருந்து வரவில்லை. நம் வீட்டு சிமுலேட்டரில் இதைச் செய்து பார்க்கலாம். உயரமானியில் காற்றழுத்தத்தைப் பத்து அலகு கூட்டி வைத்துவிட்டு, மேகத்தை 300 அடி வரை இறக்கிவிட்டு, உயரமானியை மட்டும் நம்பி எல்நாவ் வழியில் வந்து பாருங்கள். ஒரு தடவை போதும். பிறகு எந்தப் பிள்ளையும் காற்றழுத்தத்தை இரண்டு முறை சரிபார்க்காமல் இறங்காது.

நமக்கு இன்னும் அருகில் ஒரு சம்பவம் உண்டு. 2015 ஆகஸ்ட் 18 அதிகாலை, தோகாவிலிருந்து கொச்சிக்கு வந்த ஒரு போயிங் 737 விமானம் பனிமூட்டத்தால் நெடும்பாசேரியில் மூன்று முறை முயன்றும் இறங்க முடியாமல் திருவனந்தபுரத்துக்குத் திரும்பியது. அங்கேயும் மூன்று முறை முடியவில்லை. ஏழாவது முயற்சியில், எரிபொருள் சில நூறு கிலோ மட்டும் மீதியிருக்க, ஓடுபாதை சரியாகத் தெரியாமலே இறங்கியது. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனோ மருமகனோ இல்லாத வீடு நம்மிடையே எத்தனை இருக்கும்? எந்த வழிகாட்டல் எத்தனை அடி வரை செல்லும், மாற்று நிலையத்தில் என்ன இருக்கிறது, எப்போது போதும் என்று திரும்ப வேண்டும் என்பவை ஏட்டுக் கேள்விகள் அல்ல. செயற்கைக்கோள் வழி இருந்தால் பனி விலகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 250 அடியிலும் ஒன்றும் தெரியாவிட்டால் எந்த வழியானாலும் திரும்பத்தான் வேண்டும். ஆனால் கருவி நடப்படாத முனையிலும் சரிவு வழிகாட்டல் கிடைக்கும்.

2018 வெள்ளத்தில் ஆகஸ்ட் 15 முதல் 29 வரை நெடும்பாசேரி மூடிக் கிடந்தது நினைவிருக்கும். ஆகஸ்ட் 20 முதல் நம் வில்லிங்டன் தீவுக் கடற்படைத் தளத்தில் சிறிய ஏ.டி.ஆர். விமானங்கள் பயணிகளுடன் இறங்கின. அவை எந்த வழிகாட்டலில் இறங்கின என்பது வேறு விஷயம். நிலத்தில் ஒன்றும் நடாமலே ஓர் ஓடுபாதைக்கு வழி அமைக்க முடிவதன் அருமை அத்தகைய நாட்களில்தான் விளங்கும்.

கோப்பை எழுதுதல்

இனி வேலைக்கு வருவோம். எக்ஸ்-பிளேன் வைத்திருப்பவர்களுக்கு அதிகச் சிரமமில்லை. இறங்குவழிகள் விமான நிலையத்துக்கு ஒரு கோப்பாக, 'சி.ஐ.எஃப்.பி.' என்ற உறையில் இருக்கும். புதிய தரவை விலைக்கு வாங்கினால் 'கஸ்டம் டேட்டா' உறைக்குள் போட வேண்டும். பழையதைத் தொட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் புதிய பதிப்புகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும். உலகம் முழுவதும் விமானத் தரவு 28 நாட்களுக்கு ஒருமுறை, ஒரே நாளில் மாறுகிறது. நமது வொர்க்கிங் டைம்டேபிளுக்கு வரும் திருத்தச் சீட்டு போல. பழைய சீட்டை வைத்துக்கொண்டு புதிய பாதையில் ஓட்டக் கூடாது.

ஃப்ளைட்கியரில்தான் கையால் எழுதும் இன்பம். கணிப்பொறியில் ஒரு தனி உறை திறந்து, அதற்குள் 'ஏர்போர்ட்ஸ்' என்றும், அதற்குள் நிலையத்தின் குறியீட்டு எழுத்துகளில் முதல் மூன்றை ஒன்றுக்குள் ஒன்றாகவும் உறைகள் இட வேண்டும். நெடும்பாசேரியின் குறியீடு வி, ஓ, சி, ஐ. ஆக வி-க்குள் ஓ, ஓ-வுக்குள் சி. கடைசி உறையில் நான்கெழுத்துக் குறியீடு, புள்ளி, 'புரொசீஜர்ஸ்', புள்ளி, 'எக்ஸ்.எம்.எல்.' என்ற பெயரில் கோப்பு. நோட்பேட் போதும். வேறொரு நிலையத்துக்கு ஏற்கெனவே எழுதப்பட்ட கோப்பை மாதிரியாக வைத்துக்கொண்டு எண்களை மாற்றுவது நல்லது. திறக்கும் குறியும் மூடும் குறியும் ஒன்று தவறினாலும் முழுக் கோப்பும் படிக்கப்படாது. பிறகு சிமுலேட்டரைத் தொடங்கும் முன், கூடுதல் நிலக்காட்சி உறைகளின் பட்டியலில் இந்தத் தனி உறையைச் சேர்க்க வேண்டும். பறக்கும்போது 'ரூட் மேனேஜர்' பலகையைத் திறந்து வந்துசேரும் நிலையத்தை எழுதினால், நாம் எழுதிய வழி பட்டியலில் வந்து நிற்கும்.

கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் எழுத வேண்டியவை: பெயர், வகை, அட்சம், தீர்க்கம், வேகம், உயரம், அந்த உயரம் 'சரியாக இதுவே'யா 'இதற்குக் குறையாமல்' என்பதா. எண்களைக் கற்பனையாக இடக் கூடாது. விமான நிலைய ஆணையம் வெளியிடும் ஏ.ஐ.பி. என்ற தகவல் ஏட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். அதன் வரைபடங்களில் புள்ளிகளின் இடம் பாகை, நிமிடம், விநாடியாக அச்சாகியிருக்கும். கோப்புக்கோ தசமத்தில் வேண்டும். பிழை நுழையும் வாசல் இதுதான்.

உதாரணத்துக்கு விமான நிலையத்தின் இடம் 10 பாகை 9 நிமிடம் 7 விநாடி வடக்கு. 76 பாகை 24 நிமிடம் 7 விநாடி கிழக்கு. 9-ஐ 60-ஆல் வகுத்தால் 0.15, 7-ஐ 3,600-ஆல் வகுத்தால் 0.00194. சேர்த்தால் 10.15194. அதேபோல் 76.40194. இதைச் செய்யாமல் அவசரமாக 10.0907 என்றும் 76.2407 என்றும் அடித்துவிட்டால்? தெற்கே சுமார் 7 கிலோமீட்டர், மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் விலகி, வைப்பின் பக்கத்துக் காயலில் விமான நிலையம் அமைந்துவிடும். பெட்டி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அங்கே அழைத்துப்போகும். தசமத்தில் எத்தனை இலக்கம் வேண்டும் என்றும் கேட்கிறார்கள். அட்சத்தில் ஒரு விநாடி என்பது சுமார் 31 மீட்டர். ஓடுபாதையின் அகலம் 45 மீட்டர். எனவே விநாடியை விட்டுவிட முடியாது. ஐந்து அல்லது ஆறு தசம இலக்கம் எழுதுங்கள்.

பழைய சர்வே வரைபடத்திலிருந்து இடம் எடுக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சென்னை பரங்கிமலை அருகே 1802-இல் லாம்டன் தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் வழியாக வந்த எவரெஸ்ட் அளவை வேறு; ஜி.பி.எஸ். பயன்படுத்தும் உலக அளவை வேறு. ஒரே இடத்துக்கு இரண்டிலும் சில நூறு மீட்டர் வரை வித்தியாசம் வரும். இரண்டும் தத்தம் கணக்கில் சரியே. கலக்கத்தான் கூடாது.

வழியின் வடிவம் எளிது. முதல் புள்ளி, இடைப் புள்ளி, கடைசி இறக்கம் தொடங்கும் புள்ளி, ஓடுபாதை முனை. 09 பக்கத்துக்குப் பயிற்சியாக ஐந்தைந்து கடல் மைல் இடைவெளி வைத்து, ஓடுபாதை நேர் கிழக்கு மேற்கு என்று கொண்டால், முதல் புள்ளி செறாயி கடற்கரைக்கு வெளியே கடலில் விழும். இடைப் புள்ளி வடக்கு பறவூர் அருகே. கடைசிப் புள்ளி பறவூருக்கும் ஆலுவாவுக்கும் இடையே. இவை புரிந்துகொள்வதற்கான இடங்கள்; கோப்பில் எழுத வேண்டியவை ஏ.ஐ.பி. எண்களே.

உயரக் கணக்கு என் மனத்துக்கு உகந்தது. சரிவு 3 பாகை. அதன் டேன்ஜெண்ட் 0.0524. ஒரு கடல் மைல் 6,076 அடி. பெருக்கினால் மைலுக்கு 318 அடி. ரயில்வே மொழியில் 19-க்கு 1. போர் காட் மலைப்பாதையில் 37-க்கு 1 சரிவுக்கே பின்னால் இன்னும் இன்ஜின்கள் மாட்டினோம். நீலகிரி மலை ரயில் பல்சக்கரம் வைத்து 12-க்கு 1 ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது விமானத்தின் சரிவு. ஓடுபாதை முனையை 50 அடி உயரத்தில் கடக்க வேண்டும். நிலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 30 அடி. ஆக ஐந்து கடல் மைல் தூரத்தில் 1,590 கூட்டல் 50 கூட்டல் 30, அதாவது 1,670 அடி. மூன்று மைலில் 1,034. ஒரு மைலில் 398. இந்த மூன்று எண்களைச் சிறு தாளில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிவைத்தால் பாதையோரத்துக் கிரேடியன்ட் கம்பம் போல உதவும். செஸ்னா 90 நாட் வேகத்தில் வந்தால் நிமிடத்துக்கு ஒன்றரை மைல். எனவே நிமிடத்துக்கு சுமார் 480 அடி இறங்க வேண்டும். 120 நாட் என்றால் சுமார் 640 அடி.

பிள்ளைகள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஓடுபாதை தெரியாவிட்டால் மேலேறித் திரும்பும் வழி கோப்பில் இராது. நம் ஊரில் அது பெரும் ஆபத்து. 27-இல் இறங்கும்போது திரும்பினால் எதிரே கடல். 09-இல் திரும்பினால் எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை. ஓடுபாதையின் கோட்டை நேர் கிழக்கே நீட்டிக்கொண்டே போனால் சுமார் 72 கிலோமீட்டரில், கிட்டத்தட்ட அதே அட்சத்தில், 2,695 மீட்டர் உயர ஆனைமுடி நிற்கிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமே நம் ஓடுபாதைக்கு நேரே இருப்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? ஆகவே மேலேறும் உயரம், திரும்பும் திசை, காத்திருந்து சுற்றும் இடம் எல்லாம் வரைபடத்தில் உள்ளபடி கோப்பில் இருந்தே ஆகவேண்டும்.

பறக்கும்போது கவனிக்க வேண்டியது இரண்டுதான். செஸ்னாவில் உள்ள கார்மின் 430 போன்ற பெட்டியில் 'புரொக்' பொத்தானை அழுத்தி வழியை ஏற்றிய பிறகு, ஊசி எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். 'வி-லாக்' என்று இருந்தால் அது நிலத்துக் கருவியைக் காட்டுகிறது; 'ஜி.பி.எஸ்.' என்று மாற்ற வேண்டும். அடுத்து, ஊசியின் கூர்மை வழியில் மாறிக்கொண்டே வரும். நிலையத்தை நெருங்கும்போது முழு விலகல் ஒரு கடல் மைல். கடைசிக் கட்டத்தில் 0.3 கடல் மைல். அதே அளவு ஊசி விலகினாலும் முன்பு பொறுத்ததைப் பின்பு பொறுக்கக் கூடாது. பெட்டியில் 'எல்நாவ் பிளஸ் வி' என்று வந்தால் அந்தச் சரிவு வெறும் யோசனை. அதை நம்பிக் குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே போகக் கூடாது.

இன்னொன்று: சமீப ஆண்டுகளில் பொய்ச் சமிக்ஞை அனுப்பி ஜி.பி.எஸ்.ஸை ஏமாற்றுவது வளைகுடா வழிகளிலும் பிற இடங்களிலும் தொல்லையாகியிருக்கிறது. 2023 நவம்பரில் நமது விமானப் போக்குவரத்து இயக்குநரகமே இதுபற்றிச் சுற்றறிக்கை விட்டது. ஆகையால் பழைய வி.ஓ.ஆர்., ஐ.எல்.எஸ். பயிற்சியைக் கைவிட வேண்டாம். கடைசிப் புள்ளியைக் கடந்ததும் சிமுலேட்டரில் ஜி.பி.எஸ்.ஸைச் செயலிழக்கச் செய்து, மேலேறித் திரும்பிப் பழகுங்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் சொல்லாமல் அணைப்பது நல்ல முறை.

நெடும்பாசேரியை முடித்தவர்கள் அகத்திக்குப் போகலாம். சுமார் 450 கிலோமீட்டர் கடல் தாண்டி, சுமார் 1,200 மீட்டர் ஓடுபாதை, இரு முனையிலும் தண்ணீர். கோப்பை எழுதியவர்கள் அச்சிட்டுச் சங்கத்துக்கு எடுத்துவாருங்கள். எழுதியவர் வரைபடத்தை வைத்துக்கொள்ள, வேறொருவர் கோப்பிலுள்ள எண்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கட்டும். பிரைவேட் நம்பரை எதிர் ஸ்டேஷன்காரர் திருப்பிச் சொல்லும் வரை நாங்கள் வண்டியை அனுப்பியதில்லை.